அண்ணன் எதையும் கழற்றி எடுக்கவில்லை

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதத் தயங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அண்ணிதான், “நீங்க எழுதலைன்னா சொந்தக்காரவுக பேசுனதுதான் நெலைக்கும், தம்பி” என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் செம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானதும், கிணறு வற்றிய நிலத்தை விட்டுவிட்டு அம்மாவையும் என்னையும் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தார். ரேடியோ கடையில் வேலை பழகி, பிறகு சொந்தக் கடை வைத்தார். ஜப்பானிலிருந்து வரும் ஆம்ப்ளிபயர்களை நம் ஊர் மின்சாரத்துக்கு மாற்றித் தருவது அவருடைய தனி வேலை. அங்கே நூறு வோல்ட். இங்கே இருநூற்று முப்பது. அப்படியே மாட்டினால் புகைந்துவிடும். அண்ணன் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, நம் மின்சாரத்துக்கு ஏற்பப் புதிதாகக் கம்பி சுற்றிப் பொருத்துவார். கழித்த பழைய கம்பியைக்கூடப் பையில் போட்டு உரியவரிடமே கொடுத்துவிடுவார்.

எங்கள் சித்தப்பாவின் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். அவன் ஓர் ஆம்ப்ளிபயர் செட் கொண்டுவந்தான். மின்சாரத்தைக் குறைத்துத் தரும் ஒரு பெட்டியை யாரோ வாங்கிக் கொடுக்க, அதில் மாட்டிக் கேட்டார்கள். செட் சூடாகியது. அண்ணனிடம் வந்தது. அவர் மாற்றிக் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“சித்தப்பா, இனிமே அந்தப் பெட்டி வேணாம். நேரா சுவத்துல மாட்டுங்க” என்றார் அண்ணன்.

“சரிப்பா, சரிப்பா” என்று சித்தப்பா வாங்கிப் போனார்.

ஒரு வாரத்தில் உறவுக்குள் பேச்சு கிளம்பியது. செட்டில் சத்தம் ஏறவில்லையாம், கரகரக்கிறதாம். உள்ளே இருந்த ஜப்பான் சாமான்களைக் கழற்றி விற்றுவிட்டு உள்ளூர்ச் சரக்கை வைத்துவிட்டானாம். “ஒருக்கா பாத்துருறேன் சித்தப்பா” என்று அண்ணன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். “மிச்சத்தையும் கழட்டவா?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு கடைக்கு வந்தவர்கள் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேலை முடியும்வரை அவர் கையையே பார்த்தார்கள். “என்ன அப்பு, இதுல எதைக் கழட்டப் போறே?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சில மாதங்களில் கடையை மூடிவிட்டு வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனார். கல்யாண வீடுகளுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். செட் பாடிக்கொண்டிருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அதே பெட்டி. மாற்றிய செட்டைத் திரும்பவும் அதில்தான் மாட்டியிருந்தார்கள். இருநூற்று முப்பது வோல்ட் வேண்டிய செட்டுக்கு நூறுதான் போய்க்கொண்டிருந்தது.

“வெளிநாட்டுச் சாமான், நேரா குடுத்தா எரிஞ்சு போயிருமேன்னு பயந்துட்டோம்” என்றார் சின்னம்மா.

நான் வயரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினேன். பாட்டில் வீடு அதிர்ந்தது.

“அட, அம்புட்டுதானா? அவன் அப்பவே வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார் சித்தப்பா.

பூசைக்கு வரச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். அண்ணன் எடுக்கவில்லை என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அண்ணனைச் சுமந்து சென்றவர்களுக்கும், ஜெபித்த பங்குத்தந்தைக்கும், அண்ணியைத் தனியே விடாத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தப்பா குடும்பத்துக்கும் நன்றி. மற்ற உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று அந்தப் பேச்சை யார் யாரிடம் கொண்டுபோனீர்களோ, இதையும் அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தம்பி