மருமகன்மாரின் தோட்டம்

மண்ணெண்ணெய்ப் புகை. பக்கத்துக் காணியில் யாரோ பழைய இறைப்பு மெஷினுக்குக் கயிறு சுற்றி இழுத்திருக்கிறார்கள். மூன்றாம் இழுப்பில் அது இருமிக்கொண்டு பற்றியது. கிளுவை வேலியைத் தாண்டிப் புகை வந்து மூக்கில் ஏறியதும் என் நாக்கில் உப்புக் கரித்தது. மண்ணெண்ணெய் மணந்தால் மற்றவர்களுக்குக் குப்பி விளக்கு ஞாபகம் வரும். எனக்கு அப்பா ஞாபகம் வரும், அவர் கெடுத்த கிணறு ஞாபகம் வரும்.

ஊருக்குப் பெயரே தோட்டவெளி. பெயரில் தோட்டமும் உண்டு, வெளியும் உண்டு. எங்களிடம் வெளிதான் கூட. மன்னார்த் தீவின் இந்த மணலில் எங்களுக்கு ஒரு காணி. அது ஆண்பிள்ளைகளுக்குப் போவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாக இறங்கி வருகிறது. ஆகவே அதன் சரித்திரம் மாப்பிள்ளைகளின் சரித்திரம். ஒவ்வொருவரும் தன் ஊரைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் முன்னவர் வைத்ததைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்கினார்.

அம்மப்பா அரிப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். கடல் தெரிந்த மனிதர், தரையையும் கடல் மாதிரியே நடத்தினார். வலைக்கயிறு பிடித்துக் கோடு தப்பாமல் தென்னம்பிள்ளை நட்டார். பசளைக்கென்று கரையில் ஒதுங்கிக் கிடந்த சாதாழையை வண்டி வண்டியாக ஏற்றி வந்தார். அந்தக் கடற்புல் ஒரு மாரி மழையில் கிடந்து உப்புக் கழுவுப்பட்ட பிறகுதான் வேருக்குப் போகவேண்டும் என்பது அயலில் குழந்தைகளுக்கும் தெரியும். "கடல் தந்ததை மழை என்னத்துக்குக் கழுவுறது?" என்றாராம். கன்றுகள் ஓலை கருகின. மிஞ்சியதை ஊர் சுற்றும் கழுதைகள் தின்றன. சாகும்வரை அவர் குற்றம் சொன்னது கழுதைகளை.

அப்பா யாழ்ப்பாணம். செம்மண்ணில் வெங்காயம் வைத்த கை. எங்கள் காணியைக் கால்விரலால் கிளறிப் பார்த்து, "இது மண்ணோ சீனியோ?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் பாத்தி கட்டிவிட்டார். அதற்குப் பிறகு வந்தது மண்ணெண்ணெய் இறைப்பு மெஷின். கயிறு இழுத்ததும் குழாயில் தண்ணீர் பாய்ந்து வரும் அழகை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். நானும் கூட்டுக் குற்றவாளிதான். வாய்க்காலில் படுத்துக் கிடந்து, "இன்னும், இன்னும்" என்று கத்தினவள்.

அம்மா மட்டும் அந்த மெஷினைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல், பாலில் ஆடை மாதிரிக் கிடக்கிறது. மழை தந்த ஆடை. அம்மா வாளியைத் தாழ்க்கமாட்டார்; விளிம்பைச் சரித்து, தண்ணீருக்குத் தெரியாமல் எடுப்பதுபோல எடுப்பார். எனக்குக் கயிற்றைத் தந்த நாளில் சொன்னது இவ்வளவுதான்: "மேலால அள்ளு பிள்ளை. கலக்காதை."

மூன்றாவது போகத்தில் வெங்காயத் தாள் நுனி வெளிறியது.

"தண்ணி கரிக்குது, கேட்டீங்களோ?" என்றார் அம்மா.

"ஆழம் காணாது. இன்னும் ரெண்டு முழம் வெட்டினா ஊத்து வரும்" என்றார் அப்பா.

"கடல் வரும்."

"உனக்கென்ன தெரியும்? நாங்கள் எத்தினை கிணறு வெட்டின ஆக்கள்!"

வெட்டினார். கடல் வந்தது. அடுப்பில் உப்புப் போடாமலே சோறு கரித்தது. அப்பா தேத்தண்ணீரைக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் இன்னும் ஒரு முழம் வெட்டுவதைப் பற்றிப் பேச ஆள் கூட்டி வந்தார்.

பிறகு நாட்டில் சண்டை. ஊரோடு ஓடினோம். மடு மாதா கோயிலிலும் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் அகதி முகாமிலுமாக வருடங்கள் போயின. எங்கள் காணிக்கு வாய்த்த ஒரே திறமான தோட்டக்காரன் அந்த வருடங்கள்தான், எங்களில் ஒருவரும் அங்கே இல்லாத வருடங்கள். திரும்பி வந்தபோது, அப்பா வெட்டிய இரண்டு முழத்தையும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மணல் போட்டு மூடியிருந்தது. அயல் காணித் தென்னைகளிலிருந்து விழுந்த தேங்காய்கள் தம்பாட்டில் முளைத்து, கோடு கோணல் பார்க்காமல் நின்றன. நடுவில் ஒரு கழுதை குட்டியோடு நின்று, நீங்கள் ஆர் என்று கேட்பதுபோல எங்களைப் பார்த்தது. அம்மா சிரட்டையில் தண்ணீர் எடுத்துக் குடித்தார். என்னிடம் நீட்டினார். இனிப்பு.

அப்பாவும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியே? நான் வெட்டின ஊத்து இப்பத்தான் வேலை செய்யுது" என்றார்.

இதற்கு மேல் ஒரு மனிதரை என்ன செய்வது?

என் மனுசனைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது, பக்கத்துக் கதிரையில்தான் குந்தியிருக்கிறார். தலைமன்னார்க்காரர். ரயில் முடிகிற ஊரில் பிறந்ததாலோ என்னவோ, தொடங்குகிற எல்லாவற்றிலும் அவருக்கு ஆசை. கற்றாழையை வெளிநாட்டுக்கு ஏற்றப்போகிறார்கள் என்று யாரோ சொன்ன சொல்லில் காணி முழுக்கக் கற்றாழை நட்டார். ஏற்ற ஒரு லொறியும் வரவில்லை. கழுதைகளும் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவரை நான் மன்னித்ததற்கு ஒரே காரணம், கற்றாழைக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை.

இப்போது நாலாவது ஆள். என் மகளின் மாப்பிள்ளை, கொழும்பில் வேலை. கலியாணம் முடிந்து பத்து நாள். காணியை மகளுக்கு எழுதும் சீதன உறுதிப் பத்திரம் மட்டும் இழுபட்டது, இழுத்தது நான். காணியை விருந்தினர் தங்கும் இடமாக்குவது அவர் திட்டம். கற்றாழையைப் பிடுங்கிப் புல்லுத்தரை போடுவாராம். புல்லுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் விசிறவேண்டும். அதற்குக் குழாய்க்கிணறு. எல்லாம் கைபேசியில் படமாக இருந்தது, படத்தில் புல் ஏற்கனவே முளைத்திருந்தது. அம்மாவின் கிணறு அதில் ஒரு வட்டப் பூச்சாடி.

"எத்தினை அடி மாமி இந்தக் கிணறு?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டிலேயே இவ்வளவு நல்ல தண்ணியெண்டா, நூறு அடி போனா எப்பிடி இருக்கும்!"

அப்பா செத்துப் பல வருடம். அந்த மனிதரின் குரல் இந்தப் பொடியனின் தொண்டைக்குள் எப்படி வந்தது?

இன்று காலை, பத்திரம் எழுதும் நொத்தாரிசு உறுதியை வாசித்து முடித்ததும் நான் பேனாவை எடுக்கவில்லை. "கிணத்தில சீவிய உரித்து எனக்கு எண்டு எழுதுங்கோ" என்றேன். "நான் இருக்குமட்டும் கிணறு என்ர கையில. அதைக் கெடுக்கிற மாதிரிக் காணியில வேற கிணறும் வெட்டக்கூடாது."

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "காணி பிள்ளைக்கு, தண்ணி உங்களுக்கோ?"

"ஓம்."

மருமகன் சிரித்தார். "அப்ப மாமி, நாங்கள் பல்லு விளக்க உங்களிட்டக் கேட்டுத்தான் தண்ணி எடுக்கவேணுமோ?"

"பல்லு விளக்க ஒரு செம்பு காணும், தம்பி" என்றது பக்கத்துக் கதிரை. இத்தனை வருடத்தில் என் மனுசன் என் பக்கம் பேசிய முதல் வசனம்.

எழுதினார்கள். கையெழுத்து வைத்தேன். நான் வென்றதாக நினைக்கவில்லை. சீவிய உரித்து என் சீவன் உள்ளவரைக்கும்தான். மருமகனுக்கு முப்பது வயது, அவரால் காத்திருக்க முடியும். அதற்குப் பிறகு அந்தக் கிணற்றுக்கு இருக்கும் ஒரே ஆள் என் மகள். அவள் காலை முழுக்க வாய் திறக்கவில்லை. அதுதான் என்னை அரித்தது.

பின்னேரம் அவர்கள் கொழும்புக்குப் போக வான் வந்தது. மருமகன் பெட்டிகளை ஏற்றினார். மகள் கிணற்றடிக்குப் போய் இரண்டு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தாள். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வாளியை அவள் தாழ்க்கவில்லை. விளிம்பைச் சரித்தாள்.

வான் திரும்பும்போது கண்ணாடியை இறக்கி, மருமகனுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள்:

"யோசிக்காதைங்கோ அம்மா. இவரையும் மேலாலதான் அள்ளுவன்."