சித்தப்பாவின் கம்பெனியும் அம்மாவின் ஷெட்டும்

எங்கோ ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்து உலகத்தையே மாற்றினார்கள் என்று யாராவது மேடையில் பேசத் தொடங்கினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கதையைச் சொல்ல ஆள் கூட்டி வருகிறார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் முதலாளிகளிடமிருந்து இன்றைய டிஜிட்டல் உலகம் கற்க வேண்டிய பாடங்கள் என்று திரையில் படம் ஓடும். படிப்பைப் பாதியில் விட்டவர், தினமும் ஒரே நிறத்தில் சட்டை போட்டவர், ஷெட்டிலேயே படுத்துத் தூங்கியவர் என்று வரிசையாக வருவார்கள். அந்த ஷெட்டில் அதற்கு முன்னால் என்ன இருந்தது, அதை யார் தூக்கி வெளியே வைத்தார்கள் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டு ஷெட்டிலிருந்து தூக்கி வெளியே வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

நெய்வேலியில் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. குவார்ட்டர்ஸின் பின்புறம் ஸ்கூட்டர் நிறுத்துவதற்கென்று அப்பா ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டார். ஸ்கூட்டர் அதற்குள் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வீட்டுக்குள் நூலும் வெட்டுத்துணியுமாக இறைகிறது என்று சொல்லி அம்மா தன் தையல் மெஷினை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

மே மாதம் பிறந்தால் பள்ளிச் சீருடைத் துணியோடு பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். எங்கள் பிளாக்கிலிருந்து வருவார்கள். வடலூரிலிருந்தும் காடாம்புலியூரிலிருந்தும் காண்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்கள் வேலை முடிந்து போகும் வழியில் வருவார்கள். அளவு எடுக்கும்போதே அம்மா, "இவ ஆடிக்குள்ள ரெண்டு விரல் வளந்துருவா" என்று சொல்லிவிட்டு அதற்குத் தக்கபடி வெட்டுவாள். சொன்ன நாளில் கொடுப்பாள். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. இதைத் தொழில் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதும் கிடையாது. யாராவது கேட்டால் "அவ ஏதோ தைக்கா" என்பார் அப்பா.

நான் ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில் சித்தப்பா வந்து இறங்கினார். எல்லார் கையிலும் டச் போன் வரத் தொடங்கிய காலம் அது. அப்பாவின் தம்பியான இவர்தான் எங்கள் குடும்பத்தின் முதல் இன்ஜினியர். சென்னையில் கிடைத்த வேலையை ஏழே மாதத்தில் உதறிவிட்டு லேப்டாப் பையோடு வந்திருந்தார். உதறியதைப் பதக்கம் வாங்கியதுபோல் சொன்னார். குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு பிளம்பர், எலக்ட்ரீஷியன், டெய்லர் என்று யாரை வேண்டுமானாலும் போனில் ஒரு தட்டு தட்டி வரவழைக்கும் ஆப் ஒன்றை அவர் செய்யப் போகிறாராம்.

சாப்பிட உட்கார்ந்தால் முதலாளிகளின் கதைதான். அப்பா சோற்றில் கை வைத்தபடி வாயைப் பிளந்து கேட்பார். அவருக்குப் பக்கத்தில் நான் அவரைவிடப் பெரிதாகப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"எல்லாவனும் ஷெட்ல இருந்துதாண்ணே வந்தான்" என்றார் சித்தப்பா ஒருநாள். "நமக்கும்தான் பின்னால ஒண்ணு சும்மா கெடக்கு."

சும்மா கிடக்கிறது என்றார். அந்த நேரத்தில் அதற்குள் பதினைந்து பிள்ளைகளின் துணி வெட்டி அடுக்கியிருந்தது.

அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஸ்கூல் தொறக்கட்டுமே. ரெண்டு வாரந்தான இருக்கு."

"ரெண்டு வாரத்துல வேற எவனாவது முந்திருவான் மதினி."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "மொத மொதல்ல ஒண்ணு கேக்கான். இல்லைங்கவா முடியும்?"

மறுநாள் காலையிலேயே ஷெட்டைக் காலி செய்தோம். அப்பாவும் சித்தப்பாவும் மெஷினைத் தூக்க, நான் நூல் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம்போல் முன்னால் நடந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கம்பெனியின் முதல் ஆள் நீதான் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். மெஷின் பின்வாசலில், பாதி கூரையும் பாதி வானமுமாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. கதவில் கம்பெனி பெயரை என்னைத்தான் எழுதச் சொன்னார். அதற்குக் கீழே "கதவைத் தட்டவும்" என்று நானே சேர்த்து எழுதினேன். டீ கொண்டுவந்த அம்மா தட்டிவிட்டு வெளியே நின்றாள். இதை இப்போது எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து சித்தப்பா கையில் நோட்டோடு பின்வாசலுக்கு வந்தார். அம்மா மெஷினில் கால் வைத்து ஒரு பாவாடைக்கு மடிப்பு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, டவுன்ஷிப்புல நல்ல டெய்லர் யாராவது தெரியுமா? லிஸ்ட்ல போடணும்."

அம்மாவின் கால் நிற்கவில்லை. "தெரியலையே" என்றாள்.

அவர் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். கேலி செய்திருந்தாலாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம். அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தபோது அம்மா பட்டன் வாங்க வடலூருக்குப் போனாள். முடிந்த வெள்ளைச் சட்டைகளை மெஷின் மேல் அடுக்கி, ஒரு பழைய சேலையால் மூடி, "மேகம் கருத்தா உள்ள எடுத்து வச்சிரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். என்னிடம்தான் சொன்னாள்.

நான் ஷெட்டுக்குள் இருந்தேன். வேலையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத ஒரு முதலாளியைப் பற்றிச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது நிஜமாகவே இடி இடித்தது. காற்று கிளம்பி, ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை சடசடவென்று விழுந்தது. நான் எழுந்தேன்.

"உக்காரு. பெரிய ஆளாகணும்னா கவனம் சிதறவே கூடாது" என்றார் சித்தப்பா.

நான் உட்கார்ந்தேன்.

மழை விட்டபின் வெளியே வந்தால் சேலை காற்றில் பறந்து கொடியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைகள் முற்றத்துச் செம்மண்ணில் கிடந்தன. வெள்ளைத் துணியில் எங்கள் ஊர் மண் ஏறினால் ஏறியதுதான். அம்மா வந்து பார்த்தாள். சோப்புப் போட்டு, வெந்நீரில் அலசி, அன்றும் மறுநாளும் அவள் அலசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்தது, சட்டைகள் தெளியவில்லை.

வசதி உள்ளவர்கள் ரெடிமேடு வாங்கிக்கொள்கிறோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். காடாம்புலியூரிலிருந்து பூங்கா வேலைக்கு வரும் அக்காவால் அப்படிப் போக முடியவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் காலையில் வந்து, பழுப்பேறிய சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"என்னாக்கா இது? ஒரு செட்டு துணிதான எடுத்தேன். புள்ள நாளைக்கு எத்தப் போட்டுகினு போவும்?"

"வேலை முடிஞ்சி வா. சட்டை இருக்கும்" என்றாள் அம்மா.

அந்த அக்காவின் பெண்ணும் என் பள்ளிதான். அம்மா பீரோவிலிருந்து என் சீருடைத் துணியை எடுத்து அந்தப் பெண்ணின் அளவுக்கு வெட்டினாள். நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் தைத்தாள். சாயங்காலம் அந்த அக்கா சட்டையை வாங்கிக்கொண்டு போனதும் அப்பா வந்தார்.

"போதும் இது. பெர்மனென்ட் ஆள் பொண்டாட்டி ஊராருக்குத் தச்சி பேச்சு வாங்கணும்னு என்ன தலையெழுத்து?"

ஏதோ அவளுக்குச் சலுகை கொடுப்பதுபோல் சொன்னார். அம்மா மெஷினுக்கு மூடி போட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைத் திறக்கவே இல்லை. சித்தப்பாவின் கம்பெனி தீபாவளிக்குள் இழுத்து மூடப்பட்டது. அவர் பெங்களூரில் வேலைக்குப் போய், இப்போது கல்லூரி மேடைகளில் ஷெட்டில் தொடங்கிய கதையைச் சொல்கிறார். கைதட்டுகிறார்கள்.

பள்ளி திறந்த அன்று, அக்குள் இறுக்கும் பழைய சட்டையோடு நான் போனேன். அம்மா கேட் வரைக்கும் கூட வந்தாள். அந்நேரம் எப்போதும் மெஷினில் இருப்பவள் என்பதால் அதற்கு முன்னால் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. உள்ளே கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் நின்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பழைய சட்டை போட்டு அனுப்பியதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு நாலடி முன்னால் பூங்கா வேலை அக்காவின் பெண் புதுச் சட்டையில் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் பார்வை அந்தச் சட்டையோடுதான் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. போனால் போகிறது, மன்னித்துவிட்டேன் என்று அவளுக்குக் கையை ஆட்டினேன். அவள் பதிலுக்கு ஆட்டாததால் இன்னும் உயர்த்தி ஆட்டினேன்.