எனக்கு ஏழு, என் மனைவிக்குப் பத்து

அப்போது நான் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை ஷிப்டில் ட்ரேயைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நாலு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் ஒருவர், "முதுகெலும்புல தட்டு தேஞ்சிருக்கு. இனிமே வெயிட் தூக்கினா கால் விளங்காமப் போயிடும்" என்றார். பக்கத்தில் என் மனைவியும் இருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் குனியவே இல்லை. கீழே விழுந்த சாவியைக் காலால் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு யாராவது வரக் காத்திருப்பேன். கம்பெனி ஷூவுக்கு லேஸ் கட்டிவிடுவது மனைவி. பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இடுப்பில் இடிக்குமே என்று கம்பியைப் பிடித்தபடி நின்றே போவேன். மிஷினிலிருந்து என்னை எடுத்து செக்கிங் மேஜையில் போட்டார்கள். தண்ணீர் விடும் நாளில் மனைவி தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக மாடிக்குச் சுமப்பாள். நான் படியோரம் ஒதுங்கி வழிவிடுவேன். அந்த வெட்கம் வலியைவிடப் பெரிது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். வீட்டில் கன்னடம், அந்த வாடையோடுதான் அவருடைய தமிழும் இருக்கும். ஸ்கேன் உறையை வாங்கி மேஜை ஓரம் வைத்துவிட்டு, தன் கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். ஷூ லேஸ் கட்டுவது, பஸ்ஸில் உட்கார்ந்து போவது, குடம் தூக்குவது என்று பத்துப் பன்னிரண்டு வேலைகள் அதில் இருந்தன.

"எவ்வளவு வலிக்குதுன்னு கேக்கல அண்ணா. இதைச் செய்ய எவ்வளவு பயமா இருக்குன்னு போடுங்க. பயமே இல்லன்னா பூஜ்யம். முடியவே முடியாதுன்னா பத்து."

இரண்டு வருடத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஆண்பிள்ளை பயம் என்று எழுதுவதா என்று யோசித்தேன். பிறகு உள்ளதை எழுதினேன். குடத்துக்கு ஏழு போட்டேன்.

அவர் செய்த அடுத்த காரியத்தை இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். அதே மாதிரி இன்னொரு தாளை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். "அக்கா, இவரு இதெல்லாம் செஞ்சா உங்களுக்கு எவ்வளவு பயம்? நீங்களும் போடுங்க."

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து எழுதினாள். "ஆயித்தா அக்கா, முடிஞ்சுதா?" என்று கேட்டு அவர் தாளை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குடத்துக்கு அவள் பத்து போட்டிருந்தாள். லேஸ் கட்டுவதற்குக்கூட எட்டு. எல்லா வரியிலும் அவள் எண்தான் பெரிது.

"இவரு கால் போயிட்டா ஊருக்கு எந்த மூஞ்சியோட திரும்பிப் போவேன்?" என்றாள் மனைவி. இந்த விஷயத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். 'நீங்க தொடாதீங்க' என்று அவள் என்னைத் தடுத்ததெல்லாம் எதனால் என்று அப்போதுதான் புரிந்தது.

பிசியோதெரபி பெண் அவசரப்படவில்லை. மனைவி அழுது முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, என் காலைத் தட்டி, மடக்கி, ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார். படத்தையும் அப்போதுதான் பார்த்தார். "காலுக்குப் போற நரம்பு நல்லா இருக்கு. வலி நெஜம். நான் அதை மொத்தமா எடுத்துருவேன்னு சொல்லல. ஆனா குனிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மூச்சைப் பிடிச்சு இறுக்கிக்கிறீங்க பாருங்க. அதுவே பாதி வலி."

முதல் வாரம் காலிக் குடம். அடுத்த வாரம் கால் குடம் தண்ணீர். ஒவ்வொரு முறையும் மனைவி எதிரில் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. அரைக் குடத்தில் ஒருநாள் சுருக்கென்றது. அப்படியே நின்றுவிட்டேன். மனைவி ஓடிவந்தவள் குடத்தைப் பிடுங்கவில்லை. கையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு, "மூச்சு விடுங்க" என்று மட்டும் சொன்னாள். பத்து போட்ட பயத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சும்மா நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூச்சு விட்டேன். கால் நகர்ந்தது.

நாலு மாதத்தில் முழுக் குடம் மாடி ஏறியது. வலி போய்விடவில்லை, பனிக்காலக் காலைகளில் இன்றும் வரும், ஒரு நாள் இருந்துவிட்டுப் போகும். மறுபடி பிரஸ் மிஷினில் நின்ற அன்று சாயங்காலம், சொல்லிவிட்டு வரலாம் என்று இருவரும் கிளினிக் போனோம். மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி அக்கா, சந்தோஷம்" என்றவர் கதவுப் பக்கம் பார்த்தார். லாரி ஓட்டுநர் ஒருவர் இடுப்பில் கைவைத்தபடி தன் மனைவியோடு நின்றிருந்தார். மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு அவர்களை உள்ளே கூப்பிட்டார்.