மொட்டை மாடி ரிப்பீட்டரில் கேட்ட முதல் குரல்

மூடிப்போன டாக்சி கம்பெனி ஒன்றின் பழைய ரிப்பீட்டரை உரிமம் வாங்கித் தனியாட்கள் பேசும் ஹாம் ரேடியோவுக்கு ஏற்ப மாற்றி, சிவகாசியில் அச்சகம் நடத்தும் அண்ணாச்சியின் மொட்டை மாடியில் இன்று ஏற்றினோம். கையில் இருக்கும் சின்ன ரேடியோவின் குரலை வாங்கி, பல ஊர் தாண்டி அனுப்பும் பெட்டி அது.

"செல்லு இருக்கையில இது எதுக்கு தம்பி?" என்றார் அண்ணாச்சி.

"எங்கயாச்சும் பட்டாசு ஆலையில வெடிச்சுட்டா எல்லாரும் ஒரே நேரத்துல போன் போடுவாக அண்ணாச்சி. லைன் கெடைக்காது. இது கெடைக்கும்."

அவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த தாயில்பட்டியில் காத்திருந்த நண்பர் முருகனை அழைத்தேன். முறைப்படி அவர் தன் அழைப்புக் குறியைச் சொல்லி, என் குரல் எவ்வளவு தெளிவு என்று சொல்ல வேண்டும்.

"பதறாதீக, இங்கன ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார்.

கூப்பிட்டது நான். வெறும் சோதனை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வேலை நேரத்தில் யாரிடம் பேசினாலும் எங்கள் பக்கம் முதலில் வருவது இதுதான்.

"தெளிவாக் கேக்குது" என்றார் ஏணியடியில் நின்ற அண்ணாச்சி.

உங்கள் ஊரில் எல்லாம் போனை எடுத்ததும் நிஜமாகவே 'ஹலோ'தான் சொல்வீர்களா?