பள்ளத்தாக்கு வழியாகப் போகும் வண்டி

பஸ் நிலையத்தில் அந்த அம்மாளின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து கிளம்பி எந்த ஊர் வழியாக எங்கே போய்ச் சேரும் என்று மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மைக்கம்மா என்று பெயர் வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது.

எதையும் இரண்டு முறை சொல்வது அவளுடைய தொழில் தர்மம். ஒரு முறை கேட்டவனுக்கு, இன்னொரு முறை கோட்டை விட்டவனுக்கு. கொடுமை என்னவென்றால் அந்தத் தர்மம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "சாப்பாடு ரெடி, கையக் கழுவிட்டு வாங்க" என்று சமையலறையிலிருந்து வரும். கணவர் தையல்காரர், வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அவற்றை எடுத்து வைத்துவிட்டு "வரேன்" என்று சொல்வதற்குள் அதே வாக்கியம் அதே ராகத்தில் திரும்பவும் வரும். முதல் தடவையே கேட்டுவிட்டது என்று கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்தார். அதற்கும் இரண்டு முறை பதில் வந்தது. மனுஷர் அன்றைக்கு மூடிய வாய்தான், குண்டூசிக்கு மட்டும் திறந்தது.

இந்தக் குரலை வீணாக்குவானேன் என்று ஆலயத்துப் போதகர் ஒரு வேலை கொடுத்தார். பார்வையற்றோர் இல்லத்துக்காகப் பைபிளின் பழைய ஏற்பாட்டுச் சங்கீதங்களை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். மைக்கம்மா ஆலயத்தில் கடைசி பெஞ்சுக்காரி. பக்தி உண்டு, ஆனால் கடவுளைத் தொந்தரவு செய்கிற அளவுக்கு இல்லை. மைக் இருக்கிறது என்றதும் சரி என்றுவிட்டாள்.

பதிவு அறையில் மின்விசிறி போட முடியாது, சத்தம் பதிவாகிவிடும். சுவர் முழுக்க மெத்தைப் பஞ்சு வேறு. வியர்த்துக் கொட்ட அவள் வாசிக்க, ஹெட்போன் மாட்டிய பதிவாளர் முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, குரல் அருமையா இருக்கு. ஆனா நீங்க வாசிச்சா, சங்கீதத்துல வர்ற ஆட்டு மந்தை எத்தனாவது நடைமேடைக்கு வரணும்னு கேக்கத் தோணுது. எல்லா வரியையும் ரெண்டு தடவ வேற சொல்றீங்க."

"லேட்டா வர்றவங்க என்ன பண்ணுவாங்க தம்பி?"

"டேப்புல லேட்டா யாரும் வர மாட்டாங்கக்கா."

அதன் நியாயம் அவளுக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்டை கரகரத்தது. வெந்நீர் குடித்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள், தையல்காரர் ஜாடையில் சொன்னதையெல்லாம் செய்தாள். கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாணில் கட்டி என்றார். எடுத்தே ஆக வேண்டும், உயிருக்கு அதுதான் நல்லது. குரல் திரும்பி வருமா, எப்படி வரும் என்பதெல்லாம் எடுத்த பிறகுதான் தெரியும்.

மைக்கம்மா வெளியே அசையவில்லை. "வெட்டிப் போடுங்க டாக்டர், நாள் குறிங்க" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தாள். ராத்திரி மட்டும் குரலைக் காப்பாற்றும் என்று கர்த்தரிடம் இரண்டு இரண்டு முறை கேட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் முடிந்தவரை வாசித்துவிட வேண்டும் என்று பதிவு அறைக்கு ஓடினாள். அன்றைக்கு எடுத்தது, கர்த்தரை மேய்ப்பராகப் பாடுகிற அந்தச் சங்கீதம். முதல் வரியிலேயே குரல் நடுங்கியது. மரணத்தின் இருட்டு மூடிய பள்ளத்தாக்கில் நடக்கும் வரி வந்ததும் நின்றேவிட்டது. மறுபடி தொடங்கினாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா."

"நாளைக்கு இது இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? எனக்குப் பயமா இருக்கு தம்பி. கத்திக்குப் பயமில்ல. கண்ணு முழிச்சு வாயத் திறந்து ஒண்ணும் வரலன்னா, அப்புறம் நான் யாரு? கீழ நிக்கிற ஒருத்தருக்கும் என் மூஞ்சி தெரியாது."

அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள், மூக்கைச் சிந்தினாள், புத்தகத்துப் பக்கத்தையே வெறித்துப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க வண்டிகளின் வழித்தடங்களைப் படித்த கண் அது, சும்மா இருக்குமா? விரல் கூடவே வர, வரி வரியாக இறங்கியது.

"தம்பி, இது எங்க கிளம்புது பாருங்க. புல்வெளி. அடுத்தது தண்ணிக்கரை. அப்புறம்தான் இந்தப் பள்ளத்தாக்கு. அதுக்கப்புறம் விருந்து வைக்கிறாரு, அதுவும் எதிரிங்க பாத்து வயிறெரியுற மாதிரி. கடைசியா கர்த்தரோட வீடு. பள்ளத்தாக்கு வழியில வர்ற ஊருதானே, போய்ச் சேர்ற ஊரில்லையே? நான் ஒருத்தி, அதுதான் கடைசி ஸ்டாப்புன்னு பெட்டி படுக்கையோட இறங்கப் பாத்தேன்."

பதிவாளருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. வேற ரோட்டுல கூட்டிட்டுப் போங்கன்னு இதப் பாடுற மனுஷன் கேக்கவே இல்ல. பள்ளம் பள்ளமாவே இருக்கட்டும், நீர் கூட இருக்கீரு, எனக்குப் பயமில்லங்கிறான். நான் இத்தன நாளா குரலக் காப்பாத்துங்கன்னு மட்டும்தான் கேட்டேன். கூட இருங்கன்னு கேக்கவே தோணல."

போடுங்க என்று கையைக் காட்டினாள். விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். கர்த்தர் தன்னோடு இருக்கிற வரி வந்ததும் பழக்க தோஷம், இரண்டு முறை சொன்னாள். பதிவாளர் அதை வெட்டவில்லை.

ஆபரேஷன் அன்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. இப்ப என் கூட ஆள் இருக்கு டாக்டர்."

டாக்டர் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே தையல்காரர் முகம் வெளிறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஆளை நம்பியா என்று டாக்டர் நினைத்திருக்கலாம்.

கட்டி போனது. போகும்போது குரலையும் பாதி எடுத்துக்கொண்டுதான் போனது. பேசக் கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்திருந்த நாட்களில் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது, தையல்காரர் பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் அவர் அவிழ்த்துவிட, பதில் சொல்ல முடியாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் வாயைத் திறந்தபோது வந்தது கரகரத்த, நடுநடுவே உடைகிற ஒரு மெல்லிய குரல். மாடி அறைக்கு வேறொரு பெண் வந்தாள். மைக்கம்மாவைக் கீழே விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

முன்னே பதிந்தவை இல்லத்துக்குப் போய்விட்டன, மிச்சச் சங்கீதங்கள் இருந்தன. இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படி என்று பதிவாளர் தயங்கினார். இல்லத்திலேயே கேட்டுவிடுவோம் என்று, அங்கே பிரம்பு நாற்காலி பின்னுகிற பெண் ஒருத்தியை அழைத்து வந்தார். வாசிக்கப் போவது யார் என்று அவளுக்குச் சொல்லவில்லை. மைக்கம்மா அதே பள்ளத்தாக்குச் சங்கீதத்தை எடுத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை வாசித்தாள்.

பிரம்புக்காரப் பெண் சாய்த்திருந்த தலையை நிமிர்த்தினாள்.

"இவங்களே மிச்சத்தையும் வாசிக்கட்டும்" என்றாள். "முன்னாடி ஒரு அம்மா இதே பாட்ட வாசிச்சிருக்காங்க. குரல்னா அப்படியொரு குரல். ஆனா ஆரம்பத்துல பயந்துகிட்டே வாசிப்பாங்க, பாதியிலதான் தைரியம் வரும். நான் அந்த எடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பேன். இவங்களுக்கு மொதல் வரியிலேர்ந்தே பயமில்ல."

பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைக்கம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தம்மாவுக்கு என்னமோ பெரிய கஷ்டம் இருந்திருக்கும் போல" என்றாள் அந்தப் பெண். "இப்ப எப்படி இருக்காங்க, தெரியுமா?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றாள் மைக்கம்மா.