பாடி வந்துவிட்டது

எங்கள் ஊரில் ‘பாடி’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். இண்டூர் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் பிணம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் போனதால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க என் அம்மா செத்துப்போயிருந்தாள்.

அம்மா குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ‘ரெண்டே வருஷம்’ என்று சொல்லிவிட்டு நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது போனாள். நான் நான்காம் வகுப்பை முடிக்கப் போகிறேன், அப்போதும் அது ரெண்டே வருஷமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை என்பதால் அன்று போன் வரும். பேச்சு முடியும்போது அப்பா ‘எப்ப வர்ற?’ என்று கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வரும் என்று எனக்குக் கேட்காது. ‘சரி, சரி’ என்று சொல்லி அப்பா வைத்துவிடுவார்.

அவள் போன பிறகுதான் அப்பாவுக்குக் கேமரா பைத்தியம் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் தர்மபுரியில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தவர் அவர். அங்கே முதலாளியைத் தவிர யாரும் தொடக் கூடாத கேமரா ஒன்று இருந்ததாம். பெட்டி மாதிரி இருக்கும். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். ஒரு ஃபிலிமில் பன்னிரண்டே படம், நெகட்டிவே தீப்பெட்டியைவிடப் பெரிது. உலகமே டிஜிட்டலுக்குப் போய் அவற்றைப் பரண்மேல் போட்ட காலத்தில் அப்பா அதை வாங்கக் கிளம்பினார்.

அந்த வகைக் கேமராக்களை மட்டும் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் பெங்களூரில் இருந்தார். அந்தக் கேமராவில் எல்லாம் தனித்தனியாகக் கழன்று வரும் என்பதால் அப்பா அதைத் துண்டு துண்டாகவே வாங்கினார். முதலில் லென்ஸ் வந்தது. பிறகு, குனிந்து பார்ப்பதற்கான மேல்மூடி. நல்லம்பள்ளி உரக்கடையில் அவரோடு வேலை பார்த்தவர்கள், ‘பொண்டாட்டிய ஏத்துமதி பண்ணிட்டுக் கண்ணாடிய எறக்குமதி பண்றாம்பா’ என்று சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

இருட்டிலேயே வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று வியாபாரி எச்சரித்திருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில், காயப்போட்ட புளிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து லென்ஸுக்கு வெயில் காட்டுவோம். காக்காய் ஓட்டுவது என் வேலை. ஷட்டர் அந்த லென்ஸுக்குள்ளேயே இருந்தது. சும்மா கிடந்தால் இறுகிவிடும் என்று அப்பா அதை முடுக்கி முடுக்கி விடுவார். படம் பிடிக்க எதுவும் இல்லாமல் அது டிக், டிக் என்று திறந்து மூடும். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்போம்.

அதே வருடம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் துபாயில் இறந்துபோனார். வாரக்கணக்கில் ஊரே தாழ்ந்த குரலில் ‘பாடி வந்துருச்சா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் ‘பெங்களூர் வந்துருச்சாம்’ என்றார்கள். அழுதுகொண்டிருந்த சொந்தக்காரர்கள்கூட அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். ஆண்கள் கட்டிலை நகர்த்திக் கூடத்தில் இடம் பண்ணினார்கள். பெண்டாட்டியிடம் மட்டும், உடம்பு சரியில்லாமல் வருகிறார் என்றே கடைசிவரை சொல்லி வைத்திருந்தார்கள். அவள் காதில் விழுந்துவிடும், வெளியே மூச்சு விடாதே என்று என்னையும் மிரட்டினார்கள். வெளிநாட்டில் செத்தவர்கள் பெங்களூர் வழியாக வருவார்கள், வருவதை வெளியே சொல்லக் கூடாது, கூடத்தில் இடம் பண்ண வேண்டும் என்பதையெல்லாம் நான் அங்கே வேடிக்கை பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவின் போன் வரவில்லை. மறுநாள் அப்பா போனைச் சார்ஜில் போட்டவர், எடுக்க மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் அது அடித்தது. நான் எடுத்தேன்.

‘பெங்களூர்லருந்து பேசறேன். அப்பா இருக்காரா பாப்பா?’

இல்லை என்றேன்.

‘பாடி வந்துருச்சுன்னு சொல்லும்மா. ஃபாரின்லருந்து நேத்துதான் எறங்குச்சு. நல்ல கண்டிஷன், ஒரு கீறல் இல்ல. நேர்ல வந்து பாத்து எடுத்துக்கச் சொல்லு. லேட் பண்ணா வேற பார்ட்டி எடுத்துட்டுப் போயிருவாங்க.’

என் அம்மாவை வேறு பார்ட்டி எதற்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் சொல்லக் கூடாதே. கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தைக் காலி பண்ணத் தொடங்கினேன். நாற்காலிகளைச் சமையலறையில் அடுக்கினேன். டீப்பாயை இழுத்தேன். டிவி ஸ்டாண்ட் மட்டும் நகரவே இல்லை. கூட்டிவிட்டு, இடம் போதுமா என்று பார்ப்பதற்காகத் தரையில் நானே நீளமாகப் படுத்தேன். எனக்கு மேல் இன்னும் எவ்வளவு வேண்டும் என்று தெரியவில்லை. அம்மாவின் உயரம் எனக்கு மறந்துபோயிருந்தது. அப்படியே படுத்துக் கிடந்தேன். ஏனோ அழுகை வரவில்லை.

சாயந்திரம் அப்பா வந்து காலிக் கூடத்தைப் பார்த்து நின்றார்.

‘என்ன கண்ணு, வூட்டப் பொரட்டிப் போட்டிருக்க?’

‘பெங்களூர்லருந்து போன் வந்துச்சுப்பா. பாடி வந்துருச்சாம்.’

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா போனதிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ‘வந்துருச்சா? எப்பிடி இருக்காம்?’ என்று கேட்டபடியே கண்ணாடி முன்னால் போய்த் தலைவாரத் தொடங்கினார். கீறல் இல்லையாம் என்றேன். ‘நாளைக்கே போயிருவோம். நீயும் வர்றியா?’ என்றார். அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

‘அம்மாவ எரிப்பாங்களா, பொதைப்பாங்களாப்பா?’

சீப்பு அவர் தலையிலேயே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார், காலிக் கூடத்தைப் பார்த்தார். பிறகு நான் கூட்டி வைத்திருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். கேமராவின் நடுப்பெட்டிக்குப் பெயர்தான் பாடி, வந்திருப்பது அதுதான் என்றார். நான் நம்பவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். இருட்டிய பிறகு அவளே கூப்பிட்டாள்.

‘சாப்ட்டியா கண்ணு? நேத்து டூட்டிய மாத்தி விட்டுட்டாங்க, அதான் பேச முடியல.’

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அப்பாவும் நானும் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. வியாபாரி அப்பாவைப் பார்த்ததும் கையை விரித்தார். காலையிலேயே வேறு பார்ட்டி வந்து எடுத்துப் போய்விட்டதாம். அப்பா இடிந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ அம்மாவிடம் வெள்ளிக்கிழமைகளில் கேட்கும் அதே குரலில், ‘அடுத்தது எப்பங்க வரும்?’ என்று கேட்டார்.

‘தை மாசத்துக்குள்ள கண்டிப்பா வந்துரும். நீங்க லென்ஸுக்கு வெயில் காட்டிட்டே இருங்க.’

அது போதும் என்பதுபோல் அப்பா தலையை ஆட்டினார். வெறுங்கையோடு திரும்பியும் அவர் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. கிருஷ்ணகிரி தாண்டியதும், பாட்டு முணுமுணுப்பதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

‘தையில வந்துருமாம்.’

‘அம்மாவாப்பா?’ என்று கேட்டேன்.

அப்பா என்னை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து, தர்மபுரி வரும்வரை நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.