கான் மாப்பிள்ளையும் முன்சில்லும்

நான் இருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, யாரோ அடிபட்டுக் கிடக்கிறார் என்று பதறி ஓடினேன். கால்களுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை ஆவி பறக்க இருந்தது. அடியிலிருந்து "குட் மோர்னிங்" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அதைவிட அதிசயம், தெருவில் போன ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கல்முனையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவன் காரின் பொனட்டைத் திறந்தால் போதும். சாப்பாட்டுக் கடையில் இருப்பவர் கை கழுவாமலே எழுந்து வருவார், சைக்கிளில் போகிறவர் ஒரு காலை ஊன்றி நிற்பார், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டிராதவர் முதலாவது ஆலோசனையைச் சொல்வார். இங்கே ஒரு மனிதர் தனியாகக் காருக்குக் கீழே கிடக்கிறார், அவருடைய தேநீர் தனியாக ஆறுகிறது. என்னால் அப்படியே கடந்து போக முடியவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடியில் எட்டிப் பார்த்து, எனக்குத் தெரியாத விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டேன். றொன் என்ற அந்த அயலவர் எனக்குச் சிநேகிதரானது அப்படித்தான்.

அது ஒரு 'கிட் கார்'. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது: காருக்குக் காசு கொடுத்த பிறகு, அது பெட்டி பெட்டியாக உதிரிகளாய் வரும், மிச்சத்தை ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுத்து, காரை நாமே செய்துகொள்ள வேண்டும். "அப்ப எதுக்குக் காசு?" என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். "செய்வதற்குத்தான் காசு" என்றார் றொன். இரண்டே இருக்கை, பச்சை நிறம், மேலே கூரை கிடையாது. நான் ஒரு நெசவாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்ததால் ஸ்பானர் பிடிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய கராஜில் நானும் ஒரு ஆளாகிவிட்டேன். அந்த வசந்தத்தில் கார் ஓடும் நிலைக்கு வந்தபோது, என் மனைவி பரீதாவுக்கு விசாவும் வந்தது. திருமணமாகி ஒரு வருடத்தில் அவளை ஊரில் விட்டு வந்தவன் நான். அவள் வியாழக்கிழமை மன்செஸ்டரில் இறங்குகிறாள் என்றதும் றொன் சாவியைத் தூக்கிக் காட்டினார். "முன்சில்லை நேராக்கிவிட்டால் நீயே இதில் போய்க் கூட்டிவா. இன்சூரன்ஸில் உன் பெயரையும் போட்டுவிடுகிறேன்." சில்லு என்று நாங்கள் சொல்வது சக்கரத்தை.

றெயிலிலும் போய்க் கூட்டி வரலாம். ஆனால் எனக்குக் கார்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது. அதற்கு என் கலியாணக் கதையைச் சொல்ல வேண்டும்.

கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய் வாழ்வான். வீடு அவளுக்குச் சீதனமாகக் கட்டப்பட்டது. ஆகவே வீடு அவளுடையது. ஆணுக்குப் பிறந்ததிலிருந்து உம்மாவின் வீடு, கலியாணத்துக்குப் பிறகு பெண்சாதியின் வீடு. "என் வீடு" என்று சொல்ல எங்கள் ஆண்களுக்கு வாய் பழகுவதே இல்லை. மாப்பிள்ளை போகும் நாளில் மட்டும் கொஞ்சம் ராஜமரியாதை உண்டு, அதுவும் காரில். நான் மருதமுனை, பரீதா சாய்ந்தமருது. கல்முனையில் கராஜ் வைத்திருந்த என் மச்சான் கலீல் தன் பழைய கறுப்புக் காருக்குக் காகிதப்பூ கட்டி என்னை ஏற்றினான். முதல் நாள் முன்பக்கம் எங்கோ இடித்து, சில்லைத் தட்டி நிமிர்த்தியிருந்தான்.

"சில்லு நேரா இரிக்காடா?" என்று கேட்டேன்.

"கண்ணாலயே பாத்தன் மச்சான். உண்ட மூக்கவிட நேரா இரிக்கி" என்றான்.

கார் கல்முனைச் சந்தி தாண்டும்வரை நல்லபிள்ளையாக வந்தது. சாய்ந்தமருதுக்குள் வந்து, பெண்வீட்டு வாசலில் ஆட்கள் திரண்டு நிற்பது கண்ணில் பட்டதும் அதற்கு என்ன வந்ததோ, கலீல் வலப்பக்கம் திருப்ப, அது இடப்பக்கம் போய் முன்சில்லைக் கானுக்குள் இறக்கிவிட்டு நின்றது. வீதியோரத்துத் தண்ணீர் ஓடும் கான்தான். மாமனாரும் மைத்துனர்மாரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு சேர்த்தே காரைத் தூக்கினார்கள். அன்றிலிருந்து நான் 'கான் மாப்பிள்ளை'. பெயர் ஊரெல்லாம் பரவி, விவரம் தெரியாத ஒருவர் பள்ளிவாசலில் என்னிடம் வந்து, "தம்பிட மூதாதையர் பட்டாணியரா?" என்று மரியாதையாக விசாரித்தார். நான் மறுக்கவில்லை. கானை விடப் பட்டாணியர் பரவாயில்லை.

பரீதாவிடம் கார் விஷயத்தைச் சொல்ல, கல்முனைத் தபால் கந்தோருக்கு அவளை வரச்செய்து ட்ரங்க் கோல் எடுத்தேன். வயர் வழியாகக் கடலெல்லாம் இரைந்தது. "காரா?" என்று கத்தினாள். "கான்ல விடாமக் கூட்டிப் போவீங்களா?" அவளுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. ஆக, இம்முறை பெண்ணை நான் கூட்டி வருகிறேன், அதுவும் முதன்முறையாக என் பெயரில் உள்ள ஒரு வாடகை வீட்டுக்கு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாசல்வரை நேராகப் போய் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு காலை றொன் காரின் இரு பக்கத்திலும் நீளவாட்டில் நூல் கட்டச் சொன்னார். மருதமுனைக்காரனுக்கு நூல் இழுத்துக் கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தறிச் சத்தத்தில்தான் நான் நடை பழகினேன். நூலிலிருந்து சில்லின் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று முன்னாலும் பின்னாலும் அளக்க வேண்டும். முன்சில்லு இரண்டும் நேராக இருக்கக்கூடாது என்பது எனக்குப் புதுச் செய்தி. முன்பக்கம் ஒரு துளி உள்ளே பார்த்தபடி இருக்க வேண்டுமாம். கார் ஓடும்போது வீதி அவற்றை வெளியே தள்ளும், அப்போதுதான் இரண்டும் நேராகும். இதற்கு 'டோ-இன்' என்று பெயர். டோ என்றால் கால்விரல். விரல்கள் உள்ளே பார்க்க நிற்கும் ஆள்போல என்று றொன் தன் இரண்டு பாதங்களையும் திருப்பிக் காட்டினார்.

அவர் காருக்கு அடியில் போய்விட்டார். சில்லைத் திருப்பும் கம்பியை அவர் முறுக்க, நான் நூலோரம் அடிமட்டத்தோடு குந்தியிருந்து, அதில் குறித்த கோட்டுக்குச் சில்லின் விளிம்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"இன்னும் கோட்டுக்கு வரவில்லையா?" என்று அடியிலிருந்து குரல்.

வரவில்லை. "யெஸ்" என்றேன்.

நட்டு இறுகும் சத்தம் கேட்டது. சரி, ஏதோ பிடித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மற்றப் பக்கம் போனோம். "இதுவும் வரவில்லையா?" "யெஸ்." அந்த நட்டும் இறுகியது. றொன் வெளியே வந்து கைதுடைத்து, என் முதுகில் தட்டி, "இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை" என்றார். நானும் நினைக்கவில்லை. தொழில் தெரிந்தவர், கடைசியில் ஏதோ கைவேலை செய்திருப்பார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

றொன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கார் கட்டவிழ்த்த கன்றுபோல இங்கும் அங்கும் முகர்ந்துகொண்டு போனது. தெருமுனை வளைவில் அது நேரே வேலிச்செடிக்குள் போய்த்தான் நின்றது. என் தலையில் இலைகள். சாய்ந்தமருதுக் கான் என்னைத் தேடி இங்கிலாந்துக்கே வந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"கோட்டுக்கு வந்துவிட்டது என்றாயே!" என்றார் றொன்.

"நான் எப்போது சொன்னேன்?"

"வரவில்லையா என்று கேட்டேன். யெஸ் என்றாய்."

"ஆமாம், யெஸ். நீங்கள் கேட்டது சரி. வரவில்லை."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். "அப்படியானால் உன்னுடைய யெஸ் என்பது நோவா?"

"நோ."

"இந்த நோ என்ன?"

"நோ, அப்படியில்லை என்று அர்த்தம்."

வேலிக்கு உள்ளேயிருந்த வீட்டுக்காரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களே, நீங்களும் எங்காவது ஒரு 'யெஸ்'ஸில் மாட்டியிருப்பீர்கள். நம்மிடம் "சாப்பிடல்லியா?" என்று கேட்டால் "ஓம், சாப்பிடல்ல" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று முதலில் அவருடைய பக்கம் போய் நின்றுகொள்வோம், விஷயத்தைப் பிறகு சொல்வோம். வெள்ளைக்காரர் கேட்டவரைக் கவனிப்பதில்லை, விஷயத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார். இரண்டிலும் பிழையில்லை. ஆனால் நடுவில் ஒரு கார் இருந்தால் அது வேலிக்குள் போகும். இத்தனை காலமும் கடையில், ஆலையில், டாக்டரிடம் நான் எத்தனை யெஸ் சொல்லியிருப்பேன், அதில் எத்தனை நட்டு பிழையாக இறுகியிருக்கும் என்று யோசித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

மத்தியானம் மறுபடி தொடங்கினோம். "இனிமேல் நீ கதைக்கவே வேண்டாம்" என்றார் றொன். கோட்டுக்கு வந்ததும் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். தட்டுக்கு இரண்டு அர்த்தம் கிடையாது. வலப்பக்கம் தட்டினேன், இடப்பக்கம் தட்டினேன். மாலையில் நீண்ட நேர்வீதியில் றொன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் தன்பாட்டுக்கு நேராகப் போனது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். "அதற்கு ஒரு அர்த்தம்தானே?" என்று அவர் கேட்டார்.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் பரீதா ஒரு சூட்கேசும் சுருட்டிய பன்புல் பாயுமாக வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள். காருக்குக் கூட்டிப் போனேன். அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இஞ்சருங்க, இதுக்கு மேல மூடி இல்லியா?"

"ஓம்" என்றேன்.

"அதான பாத்தன்" என்று ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். என்னுடைய ஓம் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது, எந்த நட்டும் பிழையாக இறுகவில்லை. அந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு வந்த ஆறுதலை இன்றும் சொல்லி விளங்கவைக்க முடியாது.

சூட்கேசைப் பின்னால் கயிறுபோட்டுக் கட்டினேன். பன்பாய் எங்கள் இருவருக்கும் நடுவில் புகைக்கூடுபோல நின்றது. காற்றுக்கு முக்காடு நிற்கவில்லை. ஒரு கையால் தலையையும் மறுகையால் பாயையும் பிடித்துக்கொண்டே மருதமுனைப் புதினம், சாய்ந்தமருதுப் புதினம் என்று ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னாள். எங்கள் தெரு வளைவு வந்ததும் கண்ணை இறுக்கி மூடி பிஸ்மில்லாஹ் சொன்னாள். கார் வேலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கண்ணைத் திறந்து, "கான் எங்க?" என்றாள்.

"இஞ்ச கானெல்லாம் மூடித்தான் இரிக்கி."

"உங்களுக்கெண்டே ஆக்கின நாடு" என்றாள்.

வாசலில் நேராக, சரியாக வாசலுக்கு நேராகக் காரை நிறுத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் றொன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பரீதா நகரவில்லை.

"போ" என்றேன்.

"நீங்க போங்க. உங்கட வீடுதானே."

உங்கட வீடு. அப்படி ஒரு சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் கால் எழவில்லை. வீட்டுக்காரி உள்ளே நின்று வாங்க என்று கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் போக எனக்குத் தெரியாது. உள்ளே நின்று மாப்பிள்ளையைக் கூப்பிட அவளுக்குத் தெரியும், ஆனால் இது அவளுடைய வீடில்லை. இருவரும் மாறி மாறி "போங்க", "போ" என்று நிற்கும்போதே மழை தூறத் தொடங்கியது. கடைசியில் அவள்தான் பாயைக் கக்கத்தில் இடுக்கி, வலது காலை வைத்து உள்ளே போனாள். கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பாயை உதறி விரித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மழைக்குள்ள நிக்கிறீங்க. உள்ள வரமாட்டீங்களா?"

"ஓம்" என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். அது ஊர் ஓமா, இந்த நாட்டு யெஸ்ஸா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கால் வாசற்படியில் ஏறியிருந்தது, மற்றது மழையில் நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு காலின் விரல்களும் ஒரு துளி உள்ளே பார்த்தபடி இருந்தன.